மூன்று எழுதினோம், ஒன்றே நின்றது: ஒரு நூற்பாலையின் டேப் பேக்கப்

2013 ஆடி மாதம். பல்லடத்திலிருந்து உடுமலை போகும் சாலையில், குடிமங்கலத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் ஒரு நூற்பாலையிலிருந்து தொலைபேசி வந்தது. "ஏனுங்க தம்பி, டேப் டிரைவ் நின்றுவிட்டதுங்க. கேசட்டை உள்ளே வாங்கிக்கொண்டது, திருப்பித் தரமாட்டேன் என்கிறது. வேறு ஒன்று மாட்டிக் கொடுத்துவிடுங்கள்" என்றார் ஆலையின் கணக்கர். கணினித் தரவைத் தினமும் காந்த நாடாக் கேசட்டில் நகலெடுத்து வைக்கும் (பேக்கப்) கருவி அது. முப்பது வருடமாக அதே நாற்காலியில் இருப்பவர். பழைய யுனிக்ஸ் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். டிரைவ் மாற்றுவதென்றால் ஒரு நாள் வேலை என்று நினைத்துத்தான் கிளம்பினேன். நான்கு நாள் ஆனது.

ஆலையின் சர்வர் 2001இல் வாங்கியது. பென்டியம் 3, ஒன்பது ஜிபி ஸ்கஸி வட்டு (ஸ்கஸி என்பது வட்டு, டேப் போன்ற சாதனங்களை ஒரே தொடராக இணைக்கும் முறை), அதில் 1998இல் வெளிவந்த ஸ்கோ ஓபன்சர்வர் 5.0.5 என்ற யுனிக்ஸ் இயங்குதளம். பதினாறு போர்ட் கார்டு ஒன்றின் வழியாகப் பதினொரு டெர்மினல்கள் (திரையும் விசைப்பலகையும் மட்டும் உள்ளவை): டைம் ஆபீஸில் நான்கு, பஞ்சு குடோனில் இரண்டு, மற்றவை கணக்கிலும் விற்பனையிலும். மென்பொருள் யுனிக்ஸில் ஓடும் ஃபாக்ஸ்புரோ 2.6 என்ற தரவுத்தள மென்பொருளில் எழுதப்பட்டது. சம்பளம், பஞ்சுக் கொள்முதல், நூல் விற்பனை என்று மூன்று பிரிவு. பழையதுதான். ஆனால் சைடர் (நூற்பு எந்திரத்தைக் கவனிப்பவர்), டாஃபர் (நூல் நிறைந்த பாபினைக் கழற்றுபவர்), ஷிப்டு, மாற்று ஷிப்டு என்று அந்த ஆலையின் வழக்கம் அத்தனையும் தெரிந்த மென்பொருள். அதைத் தூக்கிவிட்டுப் புதிதாக வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இன்றைக்கும் வராது.

அதில் இருக்கும் சம்பளப் பிரிவு எவ்வளவு முக்கியமானது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அப்போது நடப்பில் இருந்த 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஒரு தொழிலாளி ஓய்வு பெறும்போது கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை செய்த வருடங்களால் பெருக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. இடையில் தொடர்ச்சி விட்டுப்போனது என்று கேள்வி எழுந்தால், அந்த வருடத்தில் 240 நாள் வேலைக்கு வந்தாரா என்று பார்ப்பார்கள். அதற்கு வருகைப் பதிவு வேண்டும். பன்னிரண்டு வருடப் பதிவு அந்த ஒன்பது ஜிபி வட்டில் மட்டும்தான் இருந்தது. பழைய பேரேடுகளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது.

ஸ்கஸி கேபிளில் கை வைக்கும் முன் வட்டில் இருப்பதை நகல் எடுத்துவிடுவது என் வழக்கம். டேப்பும் வட்டும் ஒரே தடத்தில் தொங்குகின்றன. டேப்புக்குச் செய்யும் தவறு வட்டையும் அடிக்கலாம். என் மடிக்கணினியைக் கிராஸ் கேபிளில் இணைத்து மூன்று பிரிவையும் எஃப்டிபி வழியாக இழுத்தேன். மொத்தம் 600 எம்பிக்குச் சற்று மேல். "பதினெட்டு டேப் பீரோவில் இருக்கிறதுங்களே தம்பி, இது எதற்குங்க?" என்று கணக்கர் கேட்டார். வழக்கம் என்றேன். அப்போது எனக்கு வேறு காரணம் எதுவும் தெரியாது.

பழைய டிரைவ் டிடிஎஸ்-2 வகை. டிடிஎஸ் என்பது சிறு டேப் கேசட்டில் தரவைப் பதியும் ஒரு முறை, எண் அதன் தலைமுறை. மேல்மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்த கேசட்டிலிருந்து டேப் ஒரு வளையமாக வெளியே வந்து, சாய்ந்து நிற்கும் உருளையைப் பாதி சுற்றிக்கொண்டு அப்படியே உறைந்து நின்றது. ரப்பர் உருளையின் அச்சில் பஞ்சு, திரி திரித்த மாதிரி இறுக்கமாகச் சுற்றியிருந்தது. டேப்பை வழிநடத்தும் இரண்டு சிறு தூண்களின் அடியிலும் சாம்பல் நிறத்தில் பஞ்சுப் படிவம். சர்வர் அறைக்கு அடுத்த கதவு பஞ்சு குடோன். சர்வரின் மின்விசிறி காற்றை முன்பக்கமாக இழுத்துப் பின்பக்கம் தள்ளுகிறது. முன்பக்கத்தில் இருக்கும் பெரிய திறப்பு டேப் நுழையும் வாய்தான். ஆடிக் காற்று வேறு பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து வீசிக்கொண்டிருந்தது.

இதில் அளவு ஒன்றைக் கவனிக்க வேண்டும். டேப்பின் அகலமே 3.81 மில்லிமீட்டர். அதன் குறுக்கே சாய்வாகத் தடம் தடமாக எழுதுகிறது சுழலும் தலை. டிடிஎஸ்-2இல் ஒரு தடத்தின் அகலம் 9.1 மைக்ரான், டிடிஎஸ்-4இல் 6.8 மைக்ரான். ஒரு பஞ்சிழையோ பத்து மைக்ரானுக்கு மேல். தலைக்கும் டேப்புக்கும் நடுவே ஒரே ஓர் இழை போய் உட்கார்ந்தாலும் ஒரு தடத்தையே மறைத்துவிடும். மைக்ரோனேர் (பஞ்சிழையின் நுண்மையைக் காட்டும் அளவு) பார்த்துப் பஞ்சு வாங்கும் ஆலைக்காரர்களுக்கு இதை நான் இரண்டாவது முறை விளக்க வேண்டியிருக்கவில்லை. தூக்கிப் போடுங்கள் என்று சொல்லும் முன்பே கணக்கர் அந்த டிரைவைப் பேப்பரில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டார்.

சென்னை ரிச்சி தெருவிலிருந்து பழைய டிடிஎஸ்-4 டிரைவ் ஒன்று பார்சலில் வந்தது. தனிப் பெட்டியில், வெளியே வைத்து இணைக்கும் வகை. பெட்டியின் மேல் 40 ஜிபி என்று ஒட்டியிருந்தது. பாதிக்குப் பாதி சுருங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் அளவு அது. உண்மையில் கொள்வது 20. நமக்குத் தேவை ஒரு ஜிபிகூட இல்லை என்பதால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. இதை வாங்கியதற்கு முக்கியக் காரணம், டிடிஎஸ்-4 டிரைவ் பழைய டிடிஎஸ்-2 டேப்பையும் படிக்கும் என்பது. பீரோவில் இருந்த பதினெட்டு டேப்பும் டிடிஎஸ்-2. யுஎஸ்பி வட்டு மாட்டினால் போதாதா என்று ஆலை முதலாளியின் மகன் கேட்டார். ஓபன்சர்வர் 5.0.5க்கு யுஎஸ்பி வட்டு என்றால் என்னவென்றே தெரியாது.

சர்வரில் இருந்த ஸ்கஸி கார்டு அடாப்டெக் 2940 யூடபிள்யூ. டிரைவின் பின்பக்கத்தில் எண் 3 வைத்து, முனையில் சமிக்ஞை மோதித் திரும்பாமல் தடுக்கும் டெர்மினேட்டரைச் செருகி, கார்டின் வெளி இணைப்பில் மாட்டி மின்சாரம் கொடுத்தேன். கார்டின் பயாஸ் பட்டியலில் டிரைவ் தெரிந்தது. இனிமேல் எல்லாம் எளிது என்று நினைத்தேன்.

ஓபன்சர்வரில் டேப்பைச் சேர்க்க "எம்கேடெவ் டேப்" என்ற கட்டளை. எந்த வகை, எந்தக் கார்டு, எந்த எண் என்று கேட்டுக்கொண்டு, கடைசியில் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, புதிதாக இணைக்கவா என்று கேட்கும். நான் பழைய டிரைவின் பதிவை நீக்காமல் சேர்த்துவிட்டேன். அதனால் இல்லாத டிரைவ் பூஜ்யமாகவும், இருக்கிற டிரைவ் ஒன்றாகவும் ஆனது. பூஜ்யத்தைத் தேடும் பழைய ஸ்கிரிப்ட் (பேக்கப் கட்டளைகள் எழுதிவைத்த கோப்பு) வெறுங்கையோடு திரும்பியது. இரண்டையும் நீக்கி, ஸ்கஸி சாதனங்களின் பட்டியலான எம்ஸ்கஸி கோப்பில் டேப் வரி எதுவும் மிச்சமில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு, மறுபடி சேர்த்தேன். கெர்னலை இணைக்கும்போது பயப்பட ஒன்றுமில்லை. பழைய கெர்னல் யுனிக்ஸ்.ஓல்டு என்ற பெயரில் பத்திரமாக இருக்கும். புதியது எழவில்லையென்றால் பூட் வரியில் அந்தப் பெயரைத் தட்டி மேலே வந்துவிடலாம். மறுபடி எழுந்தபோது, வன்பொருள் பட்டியலில் டேப், கார்டு பூஜ்யம், எண் 3 என்று ஒரு வரி ஓடியது.

சிறு கோப்பு ஒன்றை எழுதிப் படித்தேன், சரியாக வந்தது. முழு பேக்கப்பைக் கொடுத்தேன். ஐந்தாவது நிமிடத்தில் கன்சோலில் ஸ்கஸி பிழைச் செய்திகள் ஓட ஆரம்பித்தன. டேப் நின்றது. அதோடு விடவில்லை, பதினொரு டெர்மினலும் அரை நிமிடம் உறைந்தன. வட்டும் அதே தடத்தில் மூச்சுத் திணறியது என்று பொருள்.

ரிச்சி தெரு டிரைவைத்தான் முதலில் சந்தேகித்தேன். சுத்தம் செய்யும் கேசட் போட்டேன், வேறு டேப் போட்டேன், மின்சார வயரை மாற்றினேன். கேபிள் நீளமோ என்று இரண்டு மீட்டர் கேபிளை எடுத்துவிட்டு ஒரு மீட்டர் போட்டேன். இந்தக் கார்டின் வேகத்தில் நான்கு சாதனம் வரை உள்ளும் வெளியும் சேர்த்து மொத்தம் மூன்று மீட்டர்தான் கேபிள் வரலாம் என்பதால் அந்த மாற்றம் நல்லதுதான், ஆனால் நோய் அதுவல்ல. ஒரு முழு நாள் இப்படியே போனது.

மறுநாள் காலையில்தான் சர்வர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். கார்டில் மூன்று இணைப்புகள்: உள்ளே 68 ஊசி ஒன்று, உள்ளே 50 ஊசி ஒன்று, வெளியே 68 ஊசி ஒன்று. 68இல் வட்டு. 50இல், 2001க்குப் பிறகு யாரும் தொடாத சிடி டிரைவ். வெளியே என்னுடைய டேப். இந்தக் கார்டில் ஒரு நேரத்தில் இரண்டு இணைப்பை மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஸ்கஸி என்பது இரு முனை உள்ள ஒற்றைக் கயிறு. முனைக்கு ஒரு டெர்மினேட்டர். மூன்றாவதிலும் மாட்டினால் கயிறு கவையாகப் பிரிந்துவிடுகிறது. சமிக்ஞை மூன்றாவது கிளையில் மோதித் திரும்பி வந்து தரவோடு கலக்கிறது. சிறு கோப்பு தப்பித்துவிடும், பெரிய கோப்பு மாட்டிக்கொள்ளும். பழைய டேப் டிரைவ் சிடியோடு அதே 50 ஊசிக் கேபிளில் இருந்ததால் பன்னிரண்டு வருடமாகத் தொல்லை வரவில்லை. சிடி டிரைவின் கேபிளைக் கார்டிலிருந்து உருவினேன். அதற்குப் பிறகு ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை.

அன்று மாலை எல்லா டெர்மினலிலும் வெளியேறச் சொல்லிவிட்டு முழு பேக்கப் ஓட்டினோம். கணக்கர் வழக்கம்போல நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நீல அட்டை போட்ட நீள நோட்டு. தேதி, டேப் எண், அதன் பிறகு மூன்று கட்டம். கோப்புகளை ஒரே தொகுப்பாக்கி டேப்பில் எழுதும் சிபிஐஓ கட்டளை ஒவ்வொரு பிரிவையும் எழுதி முடித்ததும் எத்தனை பிளாக் எழுதியது என்று திரையில் சொல்லும். ஒரு பிளாக் 512 பைட். அந்த எண்ணைக் கட்டத்தில் எழுதுவார். சம்பளம் 6,11,340. பஞ்சு 2,04,780. நூல் விற்பனை 3,88,110. கடைசியாகத் திரையில் "பேக்கப் முடிந்தது" என்று வந்தது. நோட்டை மூடப் போனார்.

"ஒரு நிமிடம் இருங்கண்ணா, படித்துப் பார்த்துவிடுவோம்" என்று டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றி, உள்ளே இருக்கும் கோப்புகளின் பட்டியலைக் கேட்டேன். திரையில் பெயர்கள் ஓடின. நூல் பார்ட்டி, நூல் பில், நூல் பாக்கி. ஓடி முடிந்து கீழே ஓர் எண் விழுந்தது: 388110. அவ்வளவுதான். கணக்கரின் விரல் நோட்டில் மூன்றாவது கட்டத்தின் மேல் நின்றது. "மற்ற இரண்டும் எங்கேங்க தம்பி?"

ஸ்கிரிப்ட்டைத் திறந்தேன். மூன்று பிரிவுக்கு மூன்று வரி. மூன்று வரியின் முடிவிலும் ஒரே சாதனப் பெயர்: ஆர்எஸ்டிபி0. ஓபன்சர்வரில் ஒரே டேப் டிரைவுக்குப் பல பெயர் உண்டு. ஆர்எஸ்டிபி0 என்ற பெயரில் எழுதினால், எழுதி முடித்துச் சாதனத்தை மூடிய உடனே டேப் தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். முன்னால் "என்" என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்து என்ஆர்எஸ்டிபி0 என்று எழுதினால் சுற்றாமல் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆக, சம்பளம் எழுதப்பட்டது, டேப் தொடக்கத்துக்குப் போனது, சம்பளத்தின் மேலேயே பஞ்சு எழுதப்பட்டது, மறுபடி தொடக்கம், பஞ்சின் மேல் நூல் விற்பனை. கேசட்டில் ஒரு பாட்டின் மேல் இன்னொரு பாட்டைப் பதிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

சம்பளம் மற்ற இரண்டையும் விடப் பெரியதாயிற்றே, நூல் விற்பனை முடிந்த இடத்துக்கு அப்பால் அதன் மிச்சம் டேப்பில் இருக்காதா என்று கணக்கர் கேட்டார். நல்ல கேள்வி. காந்தப் பூச்சில் அது இருக்கக்கூடும். ஆனால் எழுதி முடித்த இடத்தில் டிரைவ் தரவு முடிந்தது என்று ஒரு குறி போடுகிறது. அந்தக் குறியைத் தாண்டிப் படிக்க அது மறுத்துவிடும்.

ஸ்கிரிப்ட்டின் தலையில் இருந்த குறிப்புகளைப் பார்த்ததும் கதை விளங்கியது. 2001இல் சம்பளப் பிரிவு ஒன்றுதான் இருந்தது. ஒரே வரி, ஒரே எழுத்து, சரியான ஸ்கிரிப்ட். 2003இல் பஞ்சுப் பிரிவு வந்தபோது அதே வரியைப் படியெடுத்துக் கீழே ஒட்டி அடைவின் (ஃபோல்டரின்) பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். 2004இல் நூல் விற்பனைக்கும் அதேபோல. ஆக, 2003லிருந்து ஒவ்வொரு நாளும் சம்பளம் எழுதப்பட்டு, சில நிமிடங்களில் அழிந்திருக்கிறது. டேப்பை வெளியே எடுத்துவிட்டு ஸ்கிரிப்ட்டை ஓட்டிப் பார்த்தேன். மூன்று பிழை வரி. அதன் கீழே, "பேக்கப் முடிந்தது." அந்த வாசகம் எந்த நிபந்தனையும் இல்லாமல் கடைசி வரியில் இருந்தது.

பீரோவில் இருந்த பதினெட்டு டேப்பையும் ஒவ்வொன்றாகப் போட்டேன். பதிமூன்று படித்தது, பதிமூன்றிலும் நூல் விற்பனை மட்டும். ஐந்து படிக்கவே இல்லை. அந்த ஐந்தும் கடைசி சில மாதங்களில் எழுதியவை. பஞ்சு சுற்றி டேப் ஓடும் பாதையே விலகியிருந்த டிரைவ், தன் கோணலான பாதையில் தடங்களை எழுதியிருக்கிறது. அந்தக் கோணலை அந்த டிரைவ் மட்டுமே படிக்கும், அதுவோ செத்துவிட்டது. பத்து வருடத்தில் வட்டு ஒரு நாள் போயிருந்தால், பீரோவில் பதினெட்டு டேப் இருந்தும், ஒரு தொழிலாளியின் வருகையைக்கூட மீட்டிருக்க முடியாது.

கணக்கர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மூன்று எண்ணும் தினமும் வந்ததுங்களே" என்றார். வந்தது, அவர் எழுதியதில் ஓர் எண்ணும் தவறில்லை. எழுதிய பிளாக் எத்தனை என்பதைத்தான் அது சொன்னது. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று அன்றே ஆலை முதலாளியிடம் சொன்னேன். அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்த இடத்தில் இப்படி நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

திருத்தம் பற்றி. இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் மூன்று வரியிலும் அந்த "என்" எழுத்தைச் சேர்த்து, கடைசியில் சுற்றச் சொல்வார்கள். தவறில்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூன்று தொகுப்பு ஒரே டேப்பில் இருந்தால், மீட்கும்போது கோப்புக் குறிகளை எண்ணித் தாண்டிப் போக வேண்டும். வட்டு போன இரவில், பதற்றத்தில் இருக்கும் ஒருவர் எண்ணிக்கை தவறுவார். அதனால் மூன்று பிரிவையும் சேர்த்து ஒரே தொகுப்பாக எழுத வைத்தேன். அப்போது ஆர்எஸ்டிபி0வே போதும், பழைய பெயரால் தீங்கில்லை. கோப்புகள் இருக்கும் இடத்தைக் காட்டும் பாதைகளை வேரிலிருந்து எழுதாமல், நிற்கும் அடைவிலிருந்து எழுதும்படி மாற்றினேன். இல்லையென்றால் சோதனைக்காக மீட்கும் கோப்புகள் ஓடிக்கொண்டிருக்கும் உண்மைக் கோப்புகளின் இடத்திலேயே போய் விழப் பார்க்கும். எழுதுவது பிழையின்றி முடிந்தால் மட்டும் அடுத்த படி: டேப்பை முதலிலிருந்து படித்து, கோப்புகளின் எண்ணிக்கையை வட்டில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் "பேக்கப் முடிந்தது". டெர்மினலில் யாராவது உள்ளே இருந்தால் ஸ்கிரிப்ட் தொடங்கவே தொடங்காது. ஃபாக்ஸ்புரோ கோப்பு ஒன்று பாதி எழுதிய நிலையில் டேப்புக்குப் போனால், அதன் அட்டவணைக் கோப்பு அதோடு ஒத்துப்போகாது.

சர்வரோடு டிரைவையும் குடோன் பக்கத்துச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு மாற்றி, இடையில் இருந்த கதவின் இடுக்கை ரப்பர் பட்டையால் அடைக்கச் சொன்னேன். மாதம் ஒரு முறை சுத்தம் செய்யும் கேசட், ஆடியிலும் ஆவணியிலும் வாரம் ஒரு முறை. குச்சியில் பஞ்சு சுற்றித் தலையைத் துடைக்கக் கூடாது என்று மட்டும் இரண்டு முறை சொன்னேன்; ஆலையில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பொருள். மாதக் கடைசி டேப்பை எடுத்ததும் அதன் பூட்டை நகர்த்தி ஓட்டை தெரியும்படி வைத்தால் யாரும் தவறிப்போய் மேலே எழுத முடியாது. அந்த டேப் ஆலையில் இருக்காது, கணக்கர் வீட்டு இரும்புப் பெட்டிக்குப் போகும்.

நான்காம் நாள் சோதனை. வட்டில் ஒரு காலி அடைவில் டேப்பிலிருந்து அனைத்தையும் இறக்கி, ஒவ்வொரு கோப்பையும் உண்மைக் கோப்போடு பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டேன். வேறுபாடு இல்லை. அந்த மாதம் ஓய்வு பெறவிருந்த ஒரு சைடரின் 2005ஆம் வருட வருகைப் பதிவை, டேப்பிலிருந்து இறக்கிய நகலிலிருந்து அச்செடுத்துப் பார்க்க வேண்டும் என்று கணக்கர் விரும்பினார். வரிக்கு 132 எழுத்து அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியில் ஒரு பக்கம் வந்தது. 271 நாள்.

கணக்கர் நீல நோட்டில் ஒரு புதிய பக்கத்தைத் திருப்பி, அடிக்கோல் வைத்துக் கோடு போட்டார். தேதி, டேப் எண், எழுதிய பிளாக். பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, அதன் தலையில் "டேப்பில் படித்தது" என்று எழுதினார். முதல் வரியில் இரண்டு கட்டத்திலும் 12,04,236.